மாநிலங்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் காப்பீட்டு மசோதாக்கள்: உரையில் எங்கே பார்ப்பது?

எழிலி

வணக்கம். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு விதிகளைத் திருத்தும் மசோதாக்கள் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் வந்துகொண்டே இருக்கின்றன. எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் மாநிலங்கள் தங்கள் விருப்பப்படி விதிகளை அமைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பகுதி உள்ளே இருக்கிறது. 2017இல் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய மசோதாவிலும் அது இருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் செனட்டர்கள் அலெக்சாண்டரும் மரேயும் சேர்ந்து அறிவித்த இருகட்சி மசோதாவிலும் இருந்தது. இரண்டின் விளைவும் ஒன்றாக இருக்க முடியாது என்று மட்டும் புரிகிறது.

செய்திக்குறிப்பை நம்பாமல் மசோதாவின் உரையையே படிக்க நினைப்பவர் எந்த வரிகளைத் தேட வேண்டும்? ஏற்கெனவே நோய் உள்ளவர்களைப் பாதிக்கக்கூடிய வரி எது? மறுகாப்பீடு (செலவு மிகுந்த நோயாளிகளின் செலவில் ஒரு பங்கைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு நிதி ஈடுகட்டுவது) வந்தால் பிரீமியம் குறையும் என்கிறார்கள். ஆனால் சிலருக்கு மட்டும் கூடுகிறதே, அது எப்படி? வேலை வழியாகக் காப்பீடு உள்ளவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லையா?

நீலமலை

நல்ல கேள்வி, எழிலி. ஒபாமாகேர் எனப்படும் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 1332இலிருந்து தொடங்குங்கள். அந்தச் சட்டத்திலேயே மாநிலங்களுக்கு ஒரு வழி எழுதப்பட்டிருக்கிறது. 2017 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாநிலம் தன் மாற்றுத் திட்டத்தை எழுதி, மத்திய சுகாதாரத் துறையிடமும் கருவூலத் துறையிடமும் விலக்கு கேட்கலாம். எவற்றிலிருந்து விலக்கு கேட்கலாம் என்று சட்டமே பட்டியல் தருகிறது: எக்ஸ்சேஞ்ச் (தனிநபர்கள் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தை) நடத்தும் விதிகள், அத்தியாவசியப் பலன்கள் (மகப்பேறு, மருந்து போன்று பிளானில் இருக்க வேண்டியவை), பிரான்ஸ் (வெண்கலம்), சில்வர், கோல்டு என்ற பிளான் படிநிலைகள், பிரீமியம் வரிச்சலுகை, செலவுப் பங்குக் குறைப்பு (குறைந்த வருமானத்தினரின் கைச்செலவைக் குறைப்பது), காப்பீடு தராத பெரிய நிறுவனங்கள் மீதான அபராதம், காப்பீடு எடுக்காத தனிநபர் மீதான அபராதம் (இது 2019 முதல் பூஜ்யம்தான்).

அந்தப் பட்டியலில் எது இல்லை என்பதுதான் முக்கியம். நோயைக் காரணம் காட்டிக் காப்பீடு மறுக்கக் கூடாது, உடல்நிலையைப் பார்த்துப் பிரீமியம் ஏற்றக் கூடாது, பழைய நோய்க்குப் பணம் தரமாட்டோம் என்று எழுதக் கூடாது. இவை பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தின் 2702, 2701, 2704 ஆகிய பிரிவுகள். 1332 வழியாக எந்த மாநிலமும் இவற்றிலிருந்து விலக்குப் பெற முடியாது.

ஆகவே புதிய மசோதா கையில் கிடைத்ததும் முதலில் 2701 என்ற எண்ணைத் தேடுங்கள். 2017 மே 4 அன்று 217–213 என்ற வாக்கில் சபையில் நிறைவேறிய மசோதாவில், சபை உறுப்பினர் மெக்கார்தரின் திருத்தம் அங்கேதான் கை வைத்தது. அதன்படி விலக்குப் பெற்ற மாநிலத்தில், காப்பீடு 63 நாட்களுக்கு மேல் அறுந்துபோனவரிடம் உடல்நிலையைப் பார்த்துப் பிரீமியம் கேட்கலாம். மறுக்கக் கூடாது என்ற விதி அப்படியே இருக்கும். ஆனால் விலை எவ்வளவு என்பதற்கு எல்லை இருக்காது. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரிடம் மாதம் பல ஆயிரம் டாலர் கேட்டுவிட்டு, “நாங்கள் மறுக்கவில்லையே” என்று நிறுவனம் சொல்லலாம். வேலை போய் இரண்டு மாதம் இடைவெளி விழுவது எவ்வளவு சாதாரணம் என்பதை நினைத்தால் இதன் வீச்சு புரியும். அந்த மசோதா சட்டமானால் 2026க்குள் காப்பீடு இல்லாதோர் 2.3 கோடி கூடுவார்கள் என்று காங்கிரஸ் வரவுசெலவு அலுவலகம் கணித்தது. மக்கள்தொகையில் ஆறில் ஒரு பங்கினர் வாழும் மாநிலங்களில் தனிநபர் சந்தை நிலைகுலையும் என்றும் அதே அறிக்கை சொன்னது.

அலெக்சாண்டர்–மரே மசோதா 2701ஐத் தொடவே இல்லை. அது 1332இன் காப்பு நிபந்தனைகளின் சொற்களைத்தான் மாற்றப் பார்த்தது. அந்த நிபந்தனைகள் நான்கு. மாநிலத் திட்டத்தின் பலன்கள் இப்போதுள்ள அளவுக்கு விரிவாக இருக்க வேண்டும். மக்கள் தம் கையிலிருந்து செலவிடும் பணம் இப்போதுள்ளதைவிடக் கூடக் கூடாது. ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் காப்பீடு பெற வேண்டும். மத்திய அரசின் பற்றாக்குறை கூடக் கூடாது. இதில் இரண்டாவதைத்தான் “ஒப்பிடத்தக்க” சுமை என்று தளர்த்தினார்கள்; அதற்குப் பதிலாகக் குறைந்த வருமானத்தினரையும் கடும் நோயாளிகளையும் தனியே பார்க்க வேண்டும் என்று சேர்த்தார்கள். என் கணிப்பில் அது நியாயமான பேரம். அந்தச் சேர்க்கை இல்லாமல் தளர்வை மட்டும் தரும் மசோதா வந்தால் நான் எதிர்ப்பேன்; சராசரியில் எல்லாம் சரியாகத் தெரியும், நோயாளியின் கணக்கு மட்டும் அதில் காணாமல் போயிருக்கும்.

தும்பை

நீலமலை சட்ட வரிகளைச் சொல்லிவிட்டார். நான் பணத்தின் போக்கைச் சொல்கிறேன். மறுகாப்பீடு பற்றிய எழிலியின் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

1332 விலக்குகளில் மிகப் பெரும்பாலானவை மறுகாப்பீட்டுக்காக வாங்கப்பட்டவை. 2017 ஜூலையில் அலாஸ்கா தொடங்கிவைத்தது. இதில் இரண்டு வகை உண்டு. அலாஸ்காவில் 33 நோய்களைப் பட்டியலிட்டு, அந்த நோயாளிகளின் செலவை மாநில நிதி ஏற்றுக்கொள்கிறது. மினசோட்டாவில் நோய் எதுவென்று பார்ப்பதில்லை, செலவுத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். 2018இல் அங்கே ஒருவரின் ஆண்டுச் செலவு 50,000 டாலரைத் தாண்டினால், 250,000 டாலர் வரையிலான பகுதியில் 80 சதவீதத்தை நிதியே கொடுத்தது. 200,000 டாலர் செலவான ஒரு நோயாளிக்கு 120,000 டாலர் நிறுவனத்துக்குத் திரும்பி வரும். வரும் என்று முன்கூட்டியே தெரிவதால் நிறுவனம் எல்லோருக்குமான பிரீமியத்தைக் குறைத்து வைக்கிறது.

இனி மத்திய அரசின் பங்கு. எடுத்துக்காட்டுக்கு எளிய எண்களை வைத்துக்கொள்வோம். அடிப்படையாகக் கொள்ளப்படும் சில்வர் பிளான் மாதம் 600 டாலர். வருமானப்படி ஒருவர் கட்ட வேண்டியது 150. மீதி 450 வரிச்சலுகை. மறுகாப்பீட்டால் பிரீமியம் 10 சதவீதம் இறங்கி 540 ஆகிறது. அவர் இன்னும் 150தான் கட்டுவார். சலுகை 390 ஆகச் சுருங்கும். மத்திய அரசுக்கு மிச்சம் 60. இப்படிச் சலுகை பெறுவோர் 50,000 பேர் என்றால் ஆண்டுக்கு 3.6 கோடி டாலர். விலக்கு இல்லாவிட்டால் இந்தப் பணம் வாஷிங்டனிலேயே தங்கிவிடும். விலக்கு இருந்தால் மாநிலத்துக்குத் திருப்பித் தருகிறார்கள். சலுகை இல்லாமல் முழு விலை கட்டும் 10,000 பேருக்கான 72 லட்சம் டாலரை மட்டும் மாநிலம் தன் கையிலிருந்து போட்டால் போதும். இவ்வளவு மலிவாக முழு விலை கட்டுவோருக்கு நிவாரணம் தரும் வேறு வழி எனக்குத் தெரியாது.

ஆனால் அதே 50,000 பேரில் பிரான்ஸ் பிளான் வைத்திருப்பவரைப் பாருங்கள். அவருடைய பிளான் 450 டாலர், சலுகையும் 450. கையிலிருந்து எதுவும் போகவில்லை. மறுகாப்பீட்டுக்குப் பிறகு பிளான் 405, சலுகை 390. இப்போது மாதம் 15 டாலர் கட்ட வேண்டும். சலுகை என்பது சில்வர் பிளானின் டாலர் விலையோடு கட்டப்பட்டிருக்கிறது. விலை உயர்ந்த பிளானில் 10 சதவீதம் என்பது கூடுதல் டாலர், மலிவான பிளானில் குறைந்த டாலர். “எல்லோருக்கும் பிரீமியம் குறையும்” என்ற வாக்கியம் இங்கேதான் பொய்க்கிறது. பூஜ்யம் கட்டியவர் 15 டாலர் பில்லைக் கவனிக்காமல் விட்டால் பாக்கியைக் கட்டத் தரும் அவகாசம் முடிந்து காப்பீடே ரத்தாகும். தொகை சிறியது என்பதால் இதை ஒதுக்கிவிடக் கூடாது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மினசோட்டா குறைந்த வருமானத்தினருக்கு அடிப்படைச் சுகாதாரத் திட்டம் ஒன்று நடத்துகிறது. அதற்கான மத்திய நிதி, அந்த மக்கள் சந்தையில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் சலுகையில் 95 சதவீதம் என்ற கணக்கில் வருகிறது. மறுகாப்பீட்டால் பிரீமியம் இறங்கியதும் அந்த நிதியும் இறங்கியது. அந்த மிச்சத்தைத் திருப்பித் தர மத்திய அரசு மறுத்துவிட்டது. ஒரு கையில் கொடுத்ததை மறு கையால் எடுத்த கதைதான். அலெக்சாண்டர்–மரே போன்ற மசோதாவைப் படிக்கும்போது, பற்றாக்குறைக் கணக்கில் 1332 விலக்கையும் மற்றத் திட்டங்களையும் சேர்த்துப் பார்க்க அனுமதி இருக்கிறதா என்று தேடச் சொல்வது இதனால்தான்.

வேங்கை

காப்பு நிபந்தனைகளைத் தளர்த்தவே கூடாது என்ற தொனி வந்துவிடுமோ என்று இதை எழுதுகிறேன். இன்றைய நடைமுறை உண்மையிலேயே சிரமமானது. விலக்கு கேட்க மாநிலச் சட்டமன்றம் அதற்குச் சட்டம் இயற்றியிருக்க வேண்டும். வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைக்க வேண்டும், கூட்டங்கள் நடத்த வேண்டும், ஆக்சுவரி (காப்பீட்டுக் கணக்கு வல்லுநர்) அறிக்கையும் பத்தாண்டு வரவுசெலவுக் கணக்கும் தயாரிக்க வேண்டும். அனுப்பிய பிறகு விண்ணப்பம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க 45 நாட்கள், அதன்பின் முடிவெடுக்க 180 நாட்கள் வரை.

இங்கே நாட்காட்டிதான் கழுத்தைப் பிடிக்கிறது. நிறுவனங்கள் அடுத்த ஆண்டு விலையைக் கோடையிலேயே தாக்கல் செய்துவிடும். இலையுதிர் காலம் தொடங்குவதற்குள் விலை உறுதியாகிவிடும். விலக்கு அதற்குப் பிறகு வந்தால் அந்த ஆண்டுக்குப் பயனில்லை. ஓக்லஹோமாவுக்கு 2017இல் நடந்தது இதுதான்: மறுகாப்பீட்டு விண்ணப்பம் தயார், விலைகளும் அதைக் கணக்கில் வைத்துப் போடப்பட்டிருந்தன, ஆனால் தேவைப்பட்ட தேதிக்குள் ஒப்புதல் வரவில்லை. செப்டம்பர் இறுதியில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார்கள். 180 நாட்களை 90 ஆக்குவது, மாநிலத்தில் பொதுவான அதிகாரம் ஏற்கெனவே இருந்தால் ஆளுநரின் சான்றிதழே போதும் என்பது போன்ற திருத்தங்கள் நோயாளிகளுக்கு எந்தக் கெடுதலும் செய்யாமல் மாநிலங்களுக்கு உதவுபவை. காலக்கெடுவைத் திருத்துவதையும் பாதுகாப்பைத் திருத்துவதையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

நீலமலை

வேங்கை, காலக்கெடு பற்றி முழு உடன்பாடு. ஆளுநர் சான்றிதழ் பற்றி மட்டும் எனக்குத் தயக்கம். சட்டமன்றம் ஒப்பாத ஒன்றை ஆளுநர் தனியே அனுப்பினால், அடுத்த ஆளுநர் அதைத் தனியே திரும்பப் பெறுவார். ஐந்து ஆண்டுத் திட்டத்தை நம்பி சந்தைக்குள் வரும் நிறுவனத்துக்கு அது நல்ல அடித்தளம் அல்ல.

சட்டம் மாறாமலே விளக்கம் மாறுவதையும் மறக்கக் கூடாது. 2018 அக்டோபரில் வந்த மத்திய வழிகாட்டுதல், விரிவான பலன்கள் உள்ள காப்பீடு மக்களுக்கு “கிடைக்கும்படி” இருந்தால் போதும், அவர்கள் அதில் சேர்ந்திருக்க வேண்டியதில்லை என்று நிபந்தனையைப் படித்தது. கடையில் அரிசி இருந்தாலே ஊர் சாப்பிட்டதாகக் கணக்கு எழுதுவது போன்ற வாசிப்பு அது. 2021இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். அதனால்தான் மசோதாவில் “வழங்கும்” என்ற வினை இருக்கிறதா, “அணுகும் வாய்ப்பு” என்று இருக்கிறதா என்பதை ஒவ்வொரு நிபந்தனையிலும் பார்க்கச் சொல்கிறேன். தளர்வான சொல்லுக்கு அடுத்து வரும் நிர்வாகம் எந்தப் பொருளும் கொடுக்கலாம்.

எழிலி

நன்றி, பெரிதும் தெளிவாகிறது. ஒன்று இன்னும் முடிச்சாக இருக்கிறது. சில மசோதாக்கள் செலவுப் பங்குக் குறைப்புக்கு மத்திய அரசு மீண்டும் பணம் தரும் என்கின்றன. ஏழைகளின் டிடக்டிபிளை (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நோயாளி தானே கட்டும் தொகை) குறைக்கும் பணம்தானே அது? அதை எதிர்ப்பவர்கள் ஏழைகளுக்காகப் பேசுபவர்களாகவும் இருக்கிறார்களே?

தும்பை

சில்வர் ஏற்றம் என்பதைப் புரிந்துகொண்டால் முடிச்சு அவிழும்.

வருமானம் வறுமைக் கோட்டின் 250 சதவீதத்துக்குள் இருப்பவர் சில்வர் பிளான் எடுத்தால், நிறுவனம் அவருடைய டிடக்டிபிளையும் கோ-பேயையும் (ஒவ்வொரு சிகிச்சைக்கும் கட்டும் பங்கு) குறைத்தே ஆக வேண்டும். சாதாரண சில்வர் பிளான், மருத்துவச் செலவில் சராசரியாக 70 சதவீதத்தைக் கொடுக்கும். 150 சதவீதத்துக்குக் கீழே உள்ளவருக்கு அதே பிளான் 94 சதவீதம் கொடுக்கிறது, 200 வரை 87, 250 வரை 73. இந்தக் கடமை சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசு பணம் தந்தாலும் தராவிட்டாலும் மாறாது. 2017 அக்டோபரில் அரசு அந்தப் பணத்தை நிறுத்தியது. நிறுவனங்கள் செலவை எங்காவது ஏற்றியாக வேண்டும். பெரும்பாலான மாநிலங்களில் சில்வர் பிளானின் பிரீமியம் மீது மட்டும் ஏற்றினார்கள்.

என் முன் கணக்கையே எடுங்கள். 600 டாலர் சில்வரில் 100 டாலர் இந்த ஏற்றம் என்று வைப்போம். சலுகை 450. ஏற்றம் இல்லாத பிரான்ஸ் 420 என்றால் அவர் எதுவும் கட்டவில்லை. கோல்டு 580 என்றால் 130 கட்டுகிறார். மத்திய அரசு மீண்டும் நேரடியாகப் பணம் தந்தால் சில்வர் 500 ஆகும், சலுகை 350 ஆகும். பிரான்ஸ்காரர் இனி 70 கட்ட வேண்டும், கோல்டுகாரர் 230. 94 சதவீத சில்வரில் இருக்கும் மிக ஏழைக்கு எந்த மாற்றமும் இல்லை, ஏனென்றால் அவருடைய குறைப்பு ஏற்கெனவே உறுதியானது. உண்மையில் லாபம் அடைபவர், சலுகை இல்லாமல் எக்ஸ்சேஞ்சில் சில்வர் வாங்குபவர். அரசுக்கும் மிச்சம்: பணத்தை நிறுத்தினால் பத்தாண்டில் பற்றாக்குறை 19,400 கோடி டாலர் கூடும் என்று 2017 ஆகஸ்டில் வரவுசெலவு அலுவலகம் சொன்னதன் மறுபக்கம் இதுதான்.

2017 அக்டோபரில், ஏற்றம் முழுதாகப் பரவுவதற்கு முன்பு, பணம் தருவது நல்ல தீர்வு. இன்று அதைச் செய்வதானால், மிச்சமாகும் தொகையை வரிச்சலுகைக்கே திருப்பிவிடும் வரி மசோதாவில் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இல்லாவிட்டால் கோல்டு பிளான் வாங்கி நீரிழிவையும் இதய நோயையும் பார்த்துக்கொள்பவர்தான் அந்த மிச்சத்தைத் தன் கையிலிருந்து கொடுப்பவர்.

கடலோடி

வேலை வழிக் காப்பீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதலில் உங்கள் நிறுவனம் தானே செலவை ஏற்கிறதா, காப்பீட்டு நிறுவனத்திடம் பாலிசி வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அட்டையில் பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் இருப்பதால் மட்டும் அது பாலிசி ஆகிவிடாது. திட்ட விளக்கக் கையேட்டில் “நிர்வாகச் சேவை மட்டும்” என்ற பொருளில் வரி இருந்தால், செலவை ஏற்பது உங்கள் முதலாளி. அப்படிப்பட்ட திட்டங்கள் வேலை வழிப் பலன்களுக்கான மத்தியச் சட்டமான 1974ஆம் ஆண்டு எரிஸாவின் கீழ் வருகின்றன. மாநிலக் காப்பீட்டு விதி எதுவும் அவற்றைக் கட்டுப்படுத்தாது. மாநிலம் விலக்கு வாங்கினாலும் நேரடி மாற்றம் இல்லை.

மறைமுக மாற்றம் உண்டு, அது அத்தியாவசியப் பலன்களின் வழியாக வருகிறது. மகப்பேறு, மனநலம், மருந்து, மறுவாழ்வுச் சிகிச்சை உட்பட அவை பத்து வகை. பெரிய நிறுவனத் திட்டங்கள் இவற்றைத் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கு இவ்வளவுதான், ஆயுளுக்கு இவ்வளவுதான் என்று உச்சவரம்பு வைக்கக் கூடாது என்ற தடை, அத்தியாவசியப் பலன் என்று வரையறுக்கப்பட்டவற்றுக்கு மட்டுமே. கைச்செலவுக்கான ஆண்டு வரம்பும் (2025இல் தனிநபருக்கு 9,200 டாலர்) அப்படியே. அந்த வரையறைக்கு எந்த மாநிலத்தின் அளவுகோலை வேண்டுமானாலும் பெரிய நிறுவனம் தேர்ந்தெடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஒரு மாநிலம் விலக்கு வாங்கி மருந்தைப் பட்டியலிலிருந்து நீக்கினால், வேறு மாநிலத்தில் இயங்கும் நிறுவனமும் அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டு புற்றுநோய் மருந்துக்கு உச்சவரம்பு வைக்க முடியும். ஆகவே அத்தியாவசியப் பலன் பற்றிய பிரிவைத் தனிநபர் சந்தையின் பிரச்சினை என்று தாண்டிப் போகாதீர்கள்.

மசோதா எந்தப் பாதையில் வருகிறது என்பதையும் பாருங்கள். வரவுசெலவுச் சமரசப் பாதையில் (வரி, செலவு மசோதாக்களுக்கான சிறப்பு வழி) வந்தால் செனட்டில் 51 வாக்கு போதும், ஆனால் செனட்டின் பர்ட் விதிப்படி வரவுசெலவுக்கு வெறும் பக்க விளைவாக இருக்கும் ஒழுங்குமுறைகள் வெட்டப்படும். காப்பீட்டு விதிகளை மாற்றும் வரிகள் பெரும்பாலும் அங்கே தடுக்கி விழும். சாதாரணப் பாதை என்றால் 60 வாக்கு வேண்டும். சபையில் நிறைவேறிய உரையை வைத்தே முடிவுக்கு வராமல், செனட்டில் மிஞ்சும் உரைக்காகக் காத்திருங்கள்.

எழிலி

கடைசியாக ஒன்று: இந்தியாவிலிருந்து பச்சை அட்டையில் (கிரீன் கார்டு) வந்திருக்கும் பெற்றோருக்கும் எச்1பி குடும்பங்களுக்கும் மாநிலத் தளர்வு உதவுமா?

நீலமலை

இதில் மத்தியச் சட்டம் 2025 ஜூலை 4 அன்றே மாறிவிட்டது. பச்சை அட்டை வாங்கி ஐந்து ஆண்டு ஆகாததால் மெடிக்கெய்ட் (குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடு) கிடைக்காத, வருமானம் வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள பெற்றோருக்கு முன்பு எக்ஸ்சேஞ்சில் சலுகை கிடைத்தது. 2026 வரி ஆண்டு முதல் அது இல்லை. 2027 முதல் எச்1பி போன்ற விசாக்காரர்களுக்கும் சலுகை கிடையாது. அவர்கள் முழு விலையில் எக்ஸ்சேஞ்சில் வாங்கத் தடையில்லை. வயதானவரின் பிரீமியம் 21 வயதுக்காரரைவிட மூன்று மடங்கு வரை போகலாம் என்பதால் பெற்றோருக்கு இந்த அடி பெரியது.

மாநிலம் தன் சொந்தப் பணத்தில் சலுகை தரலாம். 1332ஐப் பயன்படுத்தியும் ஓரளவு செய்யலாம்: குடியேற்ற நிலை எதுவானாலும் எக்ஸ்சேஞ்சில் வாங்கலாம் என்று வாஷிங்டன் மாநிலம் விலக்கு வாங்கி, 2024 முதல் நடத்துகிறது. ஆனால் அந்த விலக்கு நுழைவைத் தருகிறதே தவிர மத்திய வரிச்சலுகையைத் தருவதில்லை. பெற்றோருக்குத் திட்டம் போடுபவர்கள், சேர்க்கைப் படிவத்தில் எதிர்பார்க்கும் வருமானத்தை எழுதும்போது கவனமாக இருங்கள். 2026 முதல், கூடுதலாகப் பெற்ற முன்பணச் சலுகையைத் திருப்பிக் கட்டுவதற்கு இருந்த உச்சவரம்பும் நீக்கப்பட்டுவிட்டது. வித்தியாசம் முழுவதும் வரிக் கணக்கில் வந்து சேரும். வருமானம் மாறினால் அந்த மாதமே எக்ஸ்சேஞ்ச் கணக்கில் திருத்திவிடுங்கள்.